கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கினால்: மெட்டியில் தொடங்கி செருப்பு வரை

ஆறாம் மாதம் தாண்டியதும் சாயங்காலம் கால் ஊதுவது பெரும்பாலோருக்கு வருவதுதான். கொலுசைக் கழற்றினால் கணுக்காலில் அச்சு பதிந்திருக்கும். முன்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடுகிறது. அந்த ரத்தம் காலிலிருந்து மேலே திரும்பும் பெரிய குழாயைக் கர்ப்பப்பை அழுத்துவதால் நீர் கீழேயே தங்குகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மதுரையில் இது இன்னும் மோசமாகும்.

முதலில் மெட்டியைக் கவனியுங்கள். வீங்கிய விரலில் அது இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். ஐந்தாம் மாதத்திலேயே கழற்றிவிடுவது நல்லது. சுமங்கலி கழற்றக் கூடாது என்று மாமியார் சொன்னால் சண்டை வேண்டாம். வாய் திறந்த மெட்டியாக, அளவு தளர்த்தி மாட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே இறுகிவிட்டதென்றால், காலையில் வீக்கம் வற்றியிருக்கும்போது காலைப் பத்து நிமிடம் தலையணை மேல் உயர்த்தி வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி மெல்லத் திருகி எடுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ மல்லுக்கட்டாமல் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிடுங்கள்.

அடுத்தது காலை உயர்த்துவது. இதைத்தான் பலரும் தப்பாகச் செய்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சின்ன மனைப்பலகையில் கால் வைத்தால் போதாது. பாதம் இன்னும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக்கொடுத்து, கால்களை இரண்டு தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்துங்கள். 20 நிமிடம், பகலில் இரண்டு மூன்று தடவை. ஐந்து மாதத்துக்குப் பிறகு வெகுநேரம் மல்லாந்து படுத்தால் அந்தப் பெரிய குழாய் நசுங்கித் தலைசுற்றும்.

நின்று வேலை பார்ப்பவர்கள் மணிக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து, கணுக்காலை இரு பக்கமும் பத்துப் பத்துச் சுற்று சுற்றுங்கள். கெண்டைச்சதை சுருங்கி விரியும்போதுதான் ரத்தம் மேலே ஏறும். ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் ஸ்டூல் கேட்கத் தயங்க வேண்டாம்: கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. வளைகாப்பு அன்றைக்கும் இதே கதைதான்; மனையிலும் நாற்காலியிலும் மணிக்கணக்காக உட்கார வைத்துவிடுவார்கள். நடுவில் எழுந்து நாலு எட்டு நடங்கள்.

கால் ஊதியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். குறைத்தால் வீக்கம் வற்றாது, மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் மிஞ்சும். உப்பு அளவோடு இருக்கட்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய், மிக்சர் இவற்றைக் குறையுங்கள், சாப்பாட்டு உப்பை அடியோடு நிறுத்த வேண்டாம். பார்லித் தண்ணீர் குடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நீர் பிரிக்கும் மாத்திரையோ கஷாயமோ டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

செருப்பு எடுக்கச் சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதத்தின் உண்மையான அளவு தெரியும். மூட்டு இணைப்புகள் தளர்ந்து உள்ளங்கால் வளைவு தட்டையாவதால் பாதம் நீண்டு அகலமாகும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகும் பழைய அளவு திரும்பாது. பெருவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம், பின்னால் வார், ஓர் அங்குலத்துக்கு மேற்படாத குதிகால் இருந்தால் போதும். தேய்ந்த ரப்பர் செருப்பு ஈரமான குளியலறையில் வழுக்கும், குதிகாலுக்கும் தாங்கல் தராது.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீரென்றால், குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை உட்கார்ந்தபடி உள்ளங்காலுக்கு அடியில் ஐந்து நிமிடம் உருட்டுங்கள். ராத்திரி கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டால் முழங்காலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள். விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் பிடிப்பு இன்னும் ஏறும். எரிச்சலுக்குப் பச்சைத்தண்ணீரில் 15 நிமிடம் பாதத்தை ஊற வைத்து, விரலிடுக்கு ஈரத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும்.

இனி வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லாதவை. முகமும் கையும் திடீரென ஊதுவது, விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்று வலி, ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல்: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்துவிடக் கூடாது. தடிப்பே இல்லாமல் உள்ளங்காலும் உள்ளங்கையும் ராத்திரியில் அரித்தால் கல்லீரல் சோதனை தேவைப்படும். பிள்ளை பிறந்த முதல் சில நாளில் கால் இன்னும் ஊதுவதுண்டு, பிறகு தானாக வற்றும். ஆனால் ரத்த அழுத்த ஆபத்து அதற்குப் பிறகும் ஆறு வாரம் வரை வரலாம். அந்த அறிகுறிகள் தெரிந்தால் அப்போதும் 108-ஐ அழையுங்கள்.