சக வழிகாட்டல்: முதல் ஜோடியைத் தொடங்குவது எப்படி?

தனியாக பஸ்ஸில் போகப் பயப்படுபவரிடம் "பயப்படாதீங்க" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதே பயத்தோடு இருந்து, இப்போது தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒருவர் கூடவே ஏறினால் கதையே வேறு. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவருக்கு, அப்படிப்பட்ட இன்னொருவரே வழிகாட்டுவதுதான் சக வழிகாட்டல். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையும் (2006) தன் 26ஆம் பிரிவில் சகமனிதர் ஆதரவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இதைப் புதிதாகத் தொடங்க நினைக்கும் குடும்பத்தினருக்கும் ஊழியர்களுக்கும் இந்த விளக்கம். எடுத்தவுடனே பத்து ஜோடி வேண்டாம், ஒன்று போதும்.

படி 1: என்ன வேண்டும் என்று பழக வருபவரிடமே கேளுங்கள்

அம்மாவுக்கு மகன் சமைக்கப் பழக வேண்டும் என்று ஆசை இருக்கலாம். மகனுக்கோ நண்பருக்கு போன் செய்து பேச வேண்டும். மகன் சொல்வதுதான் இலக்கு.

கேட்கும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. "பஸ்ஸில் போகக் கத்துக்கலாமா?" என்று கேட்டால் பலர் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால்தான் நல்ல பெயர் என்று சின்ன வயதிலிருந்தே பழக்கப்படுத்தி வைத்திருக்கிறோம். அதனால் மூன்று படங்களை முன்னால் வைத்து, எதில் தொடங்கலாம் என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் படங்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். அதே படத்தைக் காட்டினால் சரி. எந்தப் படமானாலும் கடைசியில் இருப்பதையே காட்டினால், வேறு விதமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

படி 2: வழிகாட்டியைத் தேடுங்கள்

நன்றாகப் பேசுபவரைப் பிடித்துப் போடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வேலையைத் தானே செய்பவரா, அது தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இன்னும் நினைவு வைத்திருப்பவரா என்று பாருங்கள். படப் பலகையைத் தொட்டுப் பேசுபவரும் அருமையான வழிகாட்டியாக இருக்க முடியும். இருவருக்கும் ஒரே குறைபாடு இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. இருவருக்கும் கிரிக்கெட் பிடிக்கும் என்றால் அது அதைவிடப் பெரிய பொருத்தம்!

படி 3: வழிகாட்டிக்குப் பயிற்சி

நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள், மனதில் நிற்கும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் மறுபடி பேச வேண்டும். பதில் யோசிக்கக் கூடுதல் நேரம் தேவைப்படுபவர்கள் நிறைய. பழக வருபவர் செய்ய வேண்டியதை வழிகாட்டி தானே செய்துவிடக் கூடாது. பேசியதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் "என்னை அடிக்கிறாங்க", "செத்துப் போகலாம்னு இருக்கு" என்பது மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் அன்றே சொல்லியாக வேண்டும். யாரிடம் சொல்வது என்பதையும் முன்கூட்டியே பெயரோடும் புகைப்படத்தோடும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். ரகசியத்துக்கு இந்த விதிவிலக்கு உண்டு என்பது முதல் நாளே இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: முதல் சந்திப்பு

அரை மணி நேரம் போதும். இரைச்சல் இல்லாத இடம். எதிரெதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் பலருக்குச் சங்கடமாக இருக்கும். சேர்ந்து நடக்கலாம், ஏதாவது விளையாடலாம். பிடிக்கவில்லை என்றால் ஜோடி மாற்றிக் கொள்ளலாம் என்பதை இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

படி 5: நீங்கள் தள்ளி உட்காருங்கள்

எல்லாவற்றிலும் கஷ்டமான படி இதுதான். பஸ் பழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் நிறுத்தம் வரை நடப்பது, அப்புறம் பஸ் எண்ணைப் பார்த்து அடையாளம் காண்பது, அப்புறம் டிக்கெட், கடைசியில் தனியாக ஏறுவது என்று இருவரும் பிரித்துக் கொள்வார்கள். நடுவில் ஒரு பஸ்ஸைத் தவறவிடுவார்கள். அப்போது நீங்கள் ஓடி வந்து காப்பாற்றினால், அடுத்த முறை அவர் வழிகாட்டியைப் பார்க்க மாட்டார், உங்களைத்தான் பார்ப்பார். ஆபத்து இருந்தால் மட்டும் தலையிடுங்கள். உங்களிடம் கேள்வி வந்தால், "அவர்கிட்டே கேளுங்க" என்று வழிகாட்டியிடம் திருப்பி விடுங்கள்.

படி 6: பணமும் முடிவும்

சந்திப்பை ஏற்பாடு செய்யும் ஊழியருக்குச் சம்பளம் என்றால் வழிகாட்டிக்கும் சம்பளம் கொடுங்கள். சான்றிதழும் கைதட்டலும் கூலி ஆகாது. பயணச் செலவு தனி.

எப்போது முடியும் என்பதையும் ஆரம்பத்திலேயே பேசி, இருவரின் காலண்டரிலும் குறித்து வையுங்கள். வந்துகொண்டிருந்தவர் சொல்லாமல் நின்றுபோவது பலருக்குப் பழகிப்போன வலி. கடைசிச் சந்திப்புக்கு முன், நண்பர்களாகத் தொடர விருப்பமா என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் படியில் சொன்ன மாதிரி, படம் காட்டிக் கேட்பதை இதற்கும் பயன்படுத்தலாம்.