கண்ணாடியில் மின்சாரம் ஓடவைப்பது எப்படி: அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு படலம்

குழந்தைகளின் தோல் தடிப்புக்குப் பூசும் வெள்ளைக் களிம்பில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. அதையே கண்ணாடியின் மேல் 200 நானோமீட்டர் தடிமனில் படியவைத்தால், படிந்திருப்பதே தெரியாது. அதன் ஆற்றல் பட்டை இடைவெளி, அதாவது ஒளியை விழுங்கி எலெக்ட்ரான் மேலே தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 3.3 எலெக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஊதாவுக்குக்கூட அவ்வளவு ஆற்றல் கிடையாது. எனவே ஒளி தடையின்றிப் புகுந்து வெளியேறுகிறது. இதில் துளி அலுமினியத்தைச் சேர்த்தால் மின்சாரமும் ஓடும். துத்தநாகம் 2 எலெக்ட்ரான்களைக் கொடுக்கும் இடத்தில் அலுமினியம் 3 கொடுக்கிறது. மிஞ்சும் ஒன்று கடத்தலுக்கு வந்துவிடுகிறது. மாசூட்டல் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

தொடுதிரைகளில் இந்த வேலையைச் செய்வது இண்டியம் டின் ஆக்சைடு. இண்டியம் அரிதானது, விலையும் அதிகம். அதனால்தான் துத்தநாகத்தின் மேல் இவ்வளவு ஆர்வம். தொழிற்சாலைகள் வெற்றிடக் கருவிகளில் படலம் செய்கின்றன. கல்லூரி ஆய்வகத்தில் நமக்குக் கட்டுப்படியாவது சோல்-ஜெல் முறை: கரைசல் செய்து, சுழற்றிப் பூசி, சுடுவது.

கண்ணாடி

கெட்டுப்போகும் படலங்களில் பாதிக்கு மேல் இங்கேயே கெட்டுவிடுகின்றன என்பது என் அனுபவம். 25 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டிய துண்டுகளைச் சோப்பு நீர், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில், ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வையுங்கள். பிறகு நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டு நீர் விடுங்கள். அது மெல்லிய தகடுபோல் விரிய வேண்டும். முத்துப்போல் உருண்டு நின்றால் எண்ணெய்ப் பசை போகவில்லை, மறுபடியும் தொடங்குங்கள். சுத்தம் செய்யும் முன்பே வைர முனையால் பின்புறத்து மூலையில் ஒரு எண்ணைக் கீறிவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கரைசல்

25 மில்லிலிட்டர், 0.5 மோலார் கரைசலுக்கான கணக்கு இது. மொத்த உலோகம் 12.5 மில்லிமோல். அதில் 2 சதவீதம் அலுமினியம் என்றால் 0.25 மில்லிமோல், மீதி 12.25 துத்தநாகம்.

துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட்: 2.69 கிராம்
அலுமினியம் நைட்ரேட் நோனாஹைட்ரேட்: 0.094 கிராம்
மோனோ எத்தனால் அமீன்: 0.75 மில்லிலிட்டர்
கரைப்பான்: 2-மெத்தாக்ஸி எத்தனால், 25 மில்லிலிட்டர் குறி வரை

அலுமினிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தராசின் மேல் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால், நீங்கள் எடை போடுவது தண்ணீரைத்தான். கரைப்பானோ இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கக்கூடிய நச்சு. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே திறக்கவே கூடாது, கையுறை கட்டாயம்.

துத்தநாக உப்பைக் கரைப்பானில் போட்டதும் பால்போல் கலங்கி நிற்கும். பயப்பட வேண்டாம். அமீனைச் சொட்டுச் சொட்டாக விட்டு, 60 டிகிரி செல்சியஸில் காந்தக் கலக்கியில் ஓடவிட்டால் கலங்கல் தெளிந்து கண்ணாடிபோல் ஆகிவிடும். அப்போது அலுமினிய உப்பைச் சேர்த்து மேலும் 2 மணி நேரம் கலக்குங்கள். மூடி, ஒரு நாள் அப்படியே வையுங்கள். மறுநாள் அடியில் வண்டல் தெரிந்தால் அந்தக் கரைசல் உதவாது.

அலுமினியத்தைக் கூட்டினால் கடத்தலும் கூடும் என்று 5, 8 சதவீதம் என்று போய்விடாதீர்கள். ஓர் அளவுக்கு மேல் அது படிகத்துக்குள் இடம்பிடிக்காது. படிக மணிகளின் எல்லையில் ஒதுங்கி, எலெக்ட்ரானின் வழியை மறிக்கும். மின்தடை மறுபடி ஏறும். முதல் முயற்சிக்கு 1, 2, 3 சதவீதம் போதும். ஒப்பிட்டுப் பார்க்க அலுமினியமே இல்லாத துண்டு ஒன்றும் வேண்டும். பி-வகைப் படலம் (எலெக்ட்ரானுக்குப் பதில் அது இல்லாத வெற்றிடங்களான துளைகள் மின்சாரத்தைக் கடத்தும் வகை) செய்யும் ஆசை இருந்தால் தள்ளிப்போடுங்கள். அனுபவசாலிகளையே அலைக்கழிக்கும் வேலை அது.

பூச்சு

வடிகட்டி பொருத்திய சிரிஞ்சில் கரைசலை எடுத்து, துண்டு முழுவதும் நனையும்படி விடுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 விநாடி. உடனே 300 டிகிரி ஹாட் பிளேட்டில் 10 நிமிடம். ஆறியதும் அடுத்த பூச்சு. ஒரு பூச்சுக்குச் சுமார் 25 நானோமீட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 8 பூச்சுகள் தேவை. பூச்சு ஏற ஏற, துண்டைச் சாய்த்துப் பார்த்தால் நீர்மேல் எண்ணெய் போல மெல்லிய நிறம் தெரியும். நிறம் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் தடிமனும் ஒரே மாதிரி இருக்கிறது.

அடைமழை நாள் ஒன்றில் நான் பூசிய 6 துண்டுகளும் மூச்சுவிட்ட கண்ணாடிபோல் வெளுத்துப்போயின. கரைசலைச் சந்தேகித்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். அறையின் ஈரப்பதம்தான் காரணம். காற்று உலர்ந்த நாளில் அதே கரைசல் பளிச்சென்று வந்தது.

சூடு

உலையில் நிதானமாக 450 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் வைத்து, உலையிலேயே ஆறவிடுங்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் படலத்தில் விரிசல் விழும். சாதாரணக் கண்ணாடியை 500 டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். அது வளையத் தொடங்கும். காற்றில் சுட்ட படலத்தின் மின்தடை ஏமாற்றமளிக்கும் அளவுக்கு அதிகமாக இருக்கும், ஏனெனில் மணி எல்லைகளில் ஒட்டிய ஆக்சிஜன் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நைட்ரஜனில் 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் மீண்டும் சுட்டால் மின்தடை வெகுவாக இறங்கும். அந்த வசதியும் அதற்கான பாதுகாப்பும் உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள்.

அளவு

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில், செம்புக் கதிரில் 34.4 டிகிரி அருகே ஒரு முகடு ஓங்கி நின்றால் படிகங்கள் செங்குத்தாக அடுக்கி வளர்ந்திருக்கின்றன, நல்ல அறிகுறி.

மின்தடைக்கு மல்டிமீட்டரின் இரு முனைகளை நம்பாதீர்கள். தொடும் இடத்தின் தடையும் சேர்ந்துவிடும். நான்கு முனைக் கருவியில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.53 ஆல் பெருக்குங்கள்; கிடைப்பது பரப்பு மின்தடை, அதாவது படலத்தின் ஒரு சதுரத் துண்டின் தடை. முனை இடைவெளியைவிடத் துண்டு பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் இந்த எண் செல்லும். 1 மில்லி ஆம்பியருக்கு 0.5 வோல்ட் என்றால் பரப்பு மின்தடை 2265 ஓம்; 200 நானோமீட்டர் தடிமனால் பெருக்கினால், தடிமனைச் சாராமல் பொருளுக்கே உரிய மின்தடை எண் சுமார் 0.045 ஓம் சென்டிமீட்டர்.

கருவி எதுவுமே காட்டவில்லையா? துண்டைத் திருப்பிப் பாருங்கள். படலம் கண்ணுக்குத் தெரியாததால் எது பூசிய பக்கம் என்று மறந்துவிடும். அரை நாள் வெறும் கண்ணாடியை அளந்த பிறகுதான் மூலையில் எண் கீறும் பழக்கம் எனக்கு வந்தது.