ஒன்பது ஜெர்சி போட்ட ஷார்ட்ஸ்டாப்: ஒரு பேஸ்பால் வீரரின் பக்கத்தைப் படிப்பது எப்படி?

பேஸ்பால் வீரர் ஒருவரின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அணிகளின் பெயர்கள்தான். பதினைந்து வருடமும் ஒரே அணி என்றால் பெரிய ஆள் என்று நினைத்துவிடுகிறோம், வருடத்துக்கு ஓர் அணி என்றால் யாரும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆர்லாண்டோ கப்ரேராவின் பக்கத்தை ஒரு நாள் வரி வரியாகப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு தப்பான பழக்கம் என்று புரிந்தது. அதனால் அவர் பக்கத்தையே வைத்துச் சொல்கிறேன். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அவர் பெயரைத் தேடி, பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. ஒரு விஷயம், பெயரைச் சரியாகப் பாருங்கள். அஸ்ட்ரூபால் கப்ரேரா என்று வெனிசுவேலாக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரும் ஷார்ட்ஸ்டாப், அவரும் பல அணிகள் சுற்றியவர், ஆனால் ஆர்லாண்டோவுக்குச் சொந்தம் இல்லை.

ஆர்லாண்டோ 1974-ல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் பிறந்தவர். 1997 முதல் 2011 வரை மேஜர் லீக்கில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கில், ஆடினார். ஒன்பது அணிகள், 2,055 ஹிட் (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் முதல் பேஸையாவது சேர்வது), இரண்டு கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டிங்குக்கான விருது), ஒரு வேர்ல்டு சீரீஸ் மோதிரம் (லீக்கின் இறுதித் தொடரை வென்றவர்களுக்குக் கிடைப்பது).

சரி, எங்கிருந்து தொடங்குவது? பேட்டிங் ஆவரேஜிலிருந்து தொடங்காதீர்கள், அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு .272 என்பது ஒன்றும் சொல்லாது, பேட் செய்த ஆயிரம் வாய்ப்பில் 272 ஹிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டியது அவர் நிற்கும் இடம். பேட்டர் அடித்துவிட்டு வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய முனைகள்தான் பேஸ். ஷார்ட்ஸ்டாப் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிறவர். வலது கை பேட்டர் தரையோடு அடிக்கிற பந்தில் பெரும்பங்கு அந்தப் பக்கம்தான் வரும். பந்து இடமோ வலமோ விலகி வரும், மண்ணில் பட்டுத் தூக்கிப் போடும், அதைக் கிளவில் வாங்கி, வெறும் கைக்கு மாற்றி, காலை ஊன்றி, மைதானத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பேட்டர் 90 அடி ஓடி அங்கே போய்ச் சேர நாலே கால் விநாடிபோல ஆகும். வாங்குவதும் எறிவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும். இதைத் தினமும், வருடத்துக்கு 162 ஆட்டம், தவறாமல் செய்கிற ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆகவே இந்த இடத்துக்கு ஓர் அணி ஆள் தேடும்போது முதலில் கிளவைப் பார்க்கும், பேட் அப்புறம்தான்.

அடுத்து எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற எண்ணுக்குப் போங்கள். கப்ரேராவுக்கு 2001-ல் 162, 2003-ல் 162, 2008-ல் 161. ஷார்ட்ஸ்டாப்பாக நின்று ஒரு சீசன் முழுக்க ஓர் ஆட்டம்கூட விடாமல் ஆடுவது என்றால் முழங்காலும் தோளும் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முதல் கோல்டு கிளவை வாங்கியது அந்த 2001-ல்தான், மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியில். அந்த அணியின் பெயர் இன்று லீக்கில் இல்லை, 2005-ல் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. கப்ரேரா அங்கே இருந்த கடைசி வருடங்களில் அந்த அணியை நடத்தியதே லீக்தான், 2003-லும் 2004-லும் 'சொந்த ஊர்' ஆட்டங்களில் ஒரு பகுதியைப் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடத்தினார்கள். சம்பளம் கூட்டித் தக்கவைத்துக்கொள்ள ஆள் இல்லாத அணி, அதில் ஒரு நல்ல ஷார்ட்ஸ்டாப். இப்படிப்பட்டவர் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அணியின் பெயரைப் பார்க்கும்போது அந்த அணி அப்போது என்ன நிலைமையில் இருந்தது என்பதையும் தேடிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது 2004-க்கு வாருங்கள். அந்த வருடத்துக்கு ஒரு வரி இல்லை, மூன்று வரி இருக்கும். இரண்டு அணிக்கும் தனித்தனியாக ஒன்று, கூட்டிக் கட்டிய மொத்தம் ஒன்று. மொத்த வரி .264 என்று சொல்லும், அதைப் பார்த்தால் சுமாரான வருடம் என்று கடந்து போய்விடுவீர்கள். பிரித்துப் பாருங்கள். மான்ட்ரியலில் 103 ஆட்டம், .246. பாஸ்டனில் 58 ஆட்டம், .294. நடுவில் இருக்கும் நாள் ஜூலை 31, அந்தக் காலத்தில் டிரேடுக்கு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கு, அதுதான் கெடு. பக்கத்தின் அடியில் வீரர் எந்தத் தேதியில் யாருக்குப் பதிலாக எங்கே போனார் என்ற விவரம் இருக்கும், அதைப் படிக்காமல் விடாதீர்கள். என்னைக் கேட்டால் மொத்தப் பக்கத்திலும் கதை இருப்பது அங்கேதான்.

பாஸ்டன் ரெட் சாக்ஸ் அன்று அனுப்பிவைத்தது நோமார் கார்சியபாராவை. ஊரே கொண்டாடிய ஷார்ட்ஸ்டாப் அவர். நாலு அணி சேர்ந்து செய்த அந்த டிரேடில் அவர் சிகாகோ கப்ஸுக்குப் போக, கப்ரேரா பாஸ்டனுக்கு வந்தார், முதல் பேஸுக்கு மின்னசோட்டாவிலிருந்து டக் மின்ட்கேவிச் வந்தார். அணியின் ஃபீல்டிங் கோளாறைச் சரி செய்யத்தான் இந்த டிரேட் என்று ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டைன் வெளிப்படையாகவே சொன்னார். ஊருக்குப் பிடித்தமானவரின் இடத்தில் போய் நிற்பது எவ்வளவு சங்கடம்! மறுநாள் மினியாபோலிஸின் மெட்ரோடோமில் ஆட்டம், எதிரே ஜோஹான் சன்டானா, அந்த வருடத்தின் சிறந்த பிட்சர்களில் (பேட்டருக்குப் பந்து எறிகிறவர்களில்) ஒருவர். பாஸ்டனுக்காகப் பேட் பிடித்த முதல் தடவையே கப்ரேரா ஹோம் ரன் அடித்தார், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அணியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கைகுலுக்கலை அவரே உருவாக்கி வைத்தார், ஒருவருக்குச் செய்வது இன்னொருவருக்கு வராது. புது வீட்டுக்கு வந்தவர் வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவது போலத்தான் எனக்கு அது படுகிறது. இதெல்லாம் எந்த வரியிலும் ஏறாது. அக்டோபரில் பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் மோதும் சுற்றுகளில்), நியூயார்க் யாங்கீஸோடு ஆடிய தொடரில் 0-3 என்று பின்தங்கி, அடுத்த நாலு ஆட்டத்தையும் ஜெயித்து, பிறகு வேர்ல்டு சீரீஸையும் வென்றது பாஸ்டன். 1918-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

சரி, இவ்வளவும் செய்தவரைப் பாஸ்டன் வைத்துக்கொண்டதா? இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள். மேஜர் லீக்கில் ஆறு வருடம் சர்வீஸ் முடித்தவர், ஒப்பந்தம் தீர்ந்ததும் யாரோடும் பேசலாம். கப்ரேராவுக்கு அந்தக் குளிர்காலத்தில்தான் ஒப்பந்தம் தீர்ந்தது. எக்ஸ்போஸ் அவரை ஜூலையில் விட்டதற்கும் அதுவே ஒரு காரணம், சும்மா போகப் போகிறவரை முன்கூட்டியே கொடுத்து ஏதாவது வாங்கிக்கொள்வதுதானே கணக்கு. பாஸ்டன் வேறொருவரை எடுத்தது, அந்த வேறொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஏஞ்சல்ஸ் அணி கப்ரேராவுக்கு நாலு வருடத்துக்கு 3.2 கோடி டாலர் கொடுத்தது. ஒருவருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அணிகளை எண்ணாதீர்கள், ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்று பாருங்கள்.

ஏஞ்சல்ஸில் 2006-ல் தொடர்ந்து 63 ஆட்டங்களில் எப்படியாவது ஒரு தடவை பேஸ் ஏறினார். 2007-ல் .301, இரண்டாவது கோல்டு கிளவ். அந்தக் குளிர்காலத்திலேயே, நவம்பரில், அவரைச் சிகாகோ வைட் சாக்ஸுக்கு டிரேட் செய்தார்கள். நன்றாக ஆடிய வருடத்தில் ஏன்? பதில் அவர் பக்கத்தில் கிடைக்காது, அணியின் பக்கத்துக்குப் போக வேண்டும். எரிக் அய்பார், மைசர் இஸ்டூரிஸ் இருவரும் குறைந்த சம்பளத்தில் தயாராக நின்றார்கள், ஏஞ்சல்ஸ் பிட்சர் தேடிக்கொண்டிருந்தது, வைட் சாக்ஸிடம் ஜான் கார்லன்ட் இருந்தார். ஒருவர் கிளம்பும்போது அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள், அவருக்குப் பதிலாக யார் வந்தார்கள் என்று இரண்டையும் பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது தளத்தில் இல்லாத ஒரு வேலை. ஒரு தாளை எடுத்து, வருடம், அணி, அந்த அணி பிளேஆஃப் போனதா என்று மூன்று விவரத்தை நீங்களே எழுதுங்கள். கப்ரேராவுக்கு எழுதினால் 2007 ஏஞ்சல்ஸ், போனது. 2008 வைட் சாக்ஸ், போனது. 2009 மின்னசோட்டா ட்வின்ஸ், போனது. 2010 சின்சினாட்டி ரெட்ஸ், போனது, அவர்களுக்கு அது 1995-க்குப் பிறகு முதல் தடவை. நாலு வருடம், நாலு அணி, நாலு பிளேஆஃப். 'யாரும் வைத்துக்கொள்ளவில்லை' என்று படித்த அதே அணிப் பட்டியல்தான் இது. 2008-ல் வைட் சாக்ஸும் ட்வின்ஸும் சமமாக முடித்ததால் கூடுதலாக ஓர் ஆட்டம் வைத்தார்கள், 163-வது ஆட்டம். கப்ரேரா இருந்த வைட் சாக்ஸ் 1-0 என்று ஜெயித்து ட்வின்ஸை வீட்டுக்கு அனுப்பியது. மறு வருடம் அதே ட்வின்ஸுக்கு மறுபடி ஒரு 163-வது ஆட்டம், டெட்ராய்ட்டோடு, 2009 அக்டோபர் 6. இப்போது கப்ரேரா ட்வின்ஸ் ஜெர்சியில். ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து அணியை 4-3 என்று முன்னே கொண்டுபோனார், ஆட்டம் பன்னிரண்டாவது இன்னிங்ஸ் வரை இழுத்து 6-5 என்று ட்வின்ஸ் ஜெயித்தது. மைதானம் அதே மெட்ரோடோம், ஐந்து வருடத்துக்கு முன்னால் பாஸ்டனுக்காக முதல் ஹோம் ரன் அடித்த இடம். இந்த 163-வது ஆட்டம் சாதாரண சீசன் கணக்கில்தான் சேரும், அதனால் பிளேஆஃப் புள்ளிவிவரத்தில் அந்த ஹோம் ரன்னைத் தேடினால் கிடைக்காது.

2009-க்கும் இரண்டு அணி இருக்கும், கவனியுங்கள். வைட் சாக்ஸிலிருந்து வெளியே வந்தவருக்கு அந்தக் குளிர்காலம் சரியாக அமையவில்லை. அப்போதிருந்த விதிப்படி அவர் தரத்தில் இருந்த ஒருவரை ஒப்பந்தம் செய்யும் அணி, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தன் முறை ஒன்றை அவருடைய பழைய அணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால் பல அணிகள் தயங்கின. மார்ச் மாதம்தான் ஓக்லாந்து ஏ'ஸ் ஒரே வருடத்துக்கு 40 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. ஆட்டம் குறைந்ததால் சம்பளம் குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள், முந்தைய சீசனில் அவர் 161 ஆட்டம் ஆடி .281 வைத்திருந்தார். ஏ'ஸ் தேறாத அணி என்று தெரிந்ததும் ஜூலை 31 அன்று ட்வின்ஸுக்கு அனுப்பிவிட்டது.

கடைசி வருடத்தைச் சீக்கிரம் படித்துவிடலாம். 2011-ல் கிளீவ்லண்ட், 10 லட்சம் டாலர், ஒரு வருடம். ஃபீல்டிங் பகுதியைத் திறந்தால் இரண்டாவது பேஸ் என்று இருக்கும். அங்கே ஷார்ட்ஸ்டாப் இடம் நான் முதலில் சொன்ன அஸ்ட்ரூபாலுடையது. ஷார்ட்ஸ்டாப் ஒருவர் இரண்டாவது பேஸுக்கு நகர்ந்தால் எறியும் தூரம் குறைகிறது, முப்பத்தைந்தை நெருங்கியவர்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான். ஜூலை கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு டிரேட், 39 ஆட்டம், .222. ஜயன்ட்ஸ் அந்த வருடம் பிளேஆஃப் போகவில்லை. 2012 ஜனவரியில் ஓய்வு.

இப்போது அந்த 'வேறொருவர்'. பக்கத்தில் இன்னொரு ஜன்னல் திறந்து எட்கார் ரென்டெரியாவை எடுங்கள். அவரும் கொலம்பியா, பாரன்கியா ஊர், அவரும் ஷார்ட்ஸ்டாப், ஏழு அணி. 2004 வேர்ல்டு சீரீஸின் கடைசி அவுட் ரென்டெரியாதான், செயின்ட் லூயிஸ் ஜெர்சியில், பிட்சரிடமே தரைப்பந்து அடித்தார், ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கப்ரேரா. இரண்டே மாதத்தில் பாஸ்டன் கப்ரேராவின் இடத்துக்கு எடுத்தது அதே ரென்டெரியாவை. இரண்டு பக்கத்திலும் 2010 வரியை வைத்துப் பாருங்கள், கப்ரேரா சின்சினாட்டியில், ரென்டெரியா சான் ஃபிரான்சிஸ்கோவில், அந்த வருடம் வேர்ல்டு சீரீஸின் எம்விபி, அதாவது சிறந்த வீரர், ரென்டெரியாதான். அடுத்த வரிக்கு இறங்குங்கள். 2011-ல் ரென்டெரியா சின்சினாட்டியில் இருக்கிறார், ஜூலைக்குப் பிறகு கப்ரேரா சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறார்.