திறந்த டின் பீன்ஸ் – என் அனுபவம்

வீட்டில் இரண்டே பேர். ஒரு டின் பீன்ஸ் திறந்தால் பாதி மிஞ்சிவிடும். அதை டின்னோடு பிரிட்ஜில் வைத்தால் இரும்பு வாடை ஏறிவிடுகிறது. அதனால் திறந்த கையோடு மிச்சத்தைக் கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி, இறுக மூடி, மூடிமேல் தேதி எழுதிய டேப் ஒன்றை ஒட்டிவிடுகிறேன். சிங்கப்பூர் வெக்கையில் மேசையில் கிடக்க விடுவதே இல்லை.

பிரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தால் 3, 4 நாள் தாங்கும். அப்புறம் வாடை நன்றாக இருந்தாலும் தொடமாட்டேன். கெடுதல் செய்யும் கிருமியெல்லாம் நாற்றம் காட்டிக்கொண்டு வருவதில்லை. கொண்டைக்கடலை என்றால் இன்னும் சுலபம். தண்ணீரை வடித்து, சின்னப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் கழித்தும் சுண்டலுக்கு ஆகும்.