முதலில் தாள், அப்புறம் மௌஸ்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் எடுக்கிறேன். மின்சுற்றுப் பாடத்துக்கு, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) திட்டத்தின் சிமுலேஷனை, அதாவது திரையிலேயே சுற்றை இணைத்துப் பார்க்கும் மென்பொருளை, கணினியில் போட்டுக் கொடுத்தேன். வெறும் கம்பியை பேட்டரியின் இரு முனைகளிலும் மாட்டினால் திரையில் தீப்பிடிக்கும். பாடவேளை முழுக்க அதையே செய்தார்கள்.

அடுத்த வாரம் முறையை மாற்றினேன். மௌஸைத் தொடும் முன் ஒரு கேள்விக்குத் தாளில் பதில் எழுத வேண்டும்: இரண்டு மின்குமிழ்களைத் தொடராக இணைத்தால் எது கூடுதலாக எரியும்? பாதிக்கு மேல் "பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது" என்று எழுதினார்கள். முதல் குமிழ் மின்சாரத்தைத் தின்றுவிடுமாம்.

சரி, பார்க்கலாம் என்றேன். 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் குமிழ் இரண்டு. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் குமிழுக்கு முன்னால், நடுவில், கடைசியில் என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். மூன்று இடத்திலும் 0.45 ஆம்பியர். "ஐயா, குறையவே இல்லையே!" என்று ஒரு சிறுமி எழுந்தே நின்றுவிட்டாள். தாளில் தான் எழுதியதை அவளே அடித்துத் திருத்தினாள். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

வகுப்பில் இணையம் விட்டு விட்டு வரும். அதனால் வீட்டிலேயே பதிவிறக்கி பென்டிரைவில் கொண்டு போகிறேன். இணையம் இல்லாமலே ஓடுகிறது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். திரையில் கம்பி தளராது. கடைசிப் பத்து நிமிடம் உண்மையான மின்கலத்தையும் குமிழையும் கையில் கொடுங்கள். எரியாவிட்டால், இணைப்பு எங்கே விட்டது என்று அவர்களே தேடட்டும்.