இணையத்தில் சேர்ந்து வாசிக்க நாவல் எடுப்பது

மதுரை, தேனி, திண்டுக்கல் என்று சிதறியிருக்கும் நாங்கள் ஒன்பது பேர், சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு கூகுள் மீட்டில் கூடுவோம். முதல் தடவை ஆசைப்பட்டு தடிமனான ஒரு நாவலை எடுத்தோம். மூன்றாவது வாரம் நாலு பேர்தான் மிச்சம். அதனால் முதல் புத்தகம் சின்னதாக இருக்கட்டும்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) அதற்கு அருமையானது. நடப்பது ஒரே மத்தியானம், ஒரே ஜல்லிக்கட்டு. தன் அப்பாவைக் குத்திய காரி என்ற காளையை நாயகன் பிச்சி எதிர்கொள்ளும் பக்கங்களை யாராவது ஒருவர் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் சோழவந்தான் அக்கா வாசித்தார்கள். முடிந்த பிறகும் மைக்கை யாரும் தொடவில்லை. அந்தப் பேச்சுநடை காதில் விழ வேண்டும்.

அப்புறம் கொஞ்சம் பெரியதுக்குப் போகலாம். தொடராக வந்த நாவல் என்றால் வாரவாரம் பிரிப்பது சுலபம். பி.ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் அப்படி வந்ததுதான். அவரும் செல்லப்பாவைப் போல வத்தலக்குண்டுக்காரர். பழைய நடை முதலில் கொஞ்சம் இடறும். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்கிற தமிழ்ப் பண்டிதர் கதைக்குள் வந்துவிட்டால் போதும், சிரித்துக்கொண்டே ஓடிவிடும்.

புத்தகம் எல்லார் கைக்கும் கிடைக்குமா என்று முன்னாடியே பாருங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குத் தபாலில் வந்து சேர பத்து நாளாவது விடுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அத்தியாயம் சொல்லியே பேசுங்கள். ஓட்டெடுப்பு வேண்டாம்; மாதம் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், சரி, அவரே முதல் கேள்வியையும் கேட்கட்டும்.