பாலைவன மலைச்சாலைகளில் குளிர்காலச் சைக்கிள் பயணம்: தம்பதியருக்கான வழிகாட்டி

பாலைவனத்து மலைச்சாலைகளில் சைக்கிளில் ஏறுவதற்கு உகந்த பருவம் குளிர்காலம்தான். கோடையில் பகல் பொழுதில் வெளியே நிற்கவே முடியாத இடங்களில்கூட, வட அரைக்கோளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மணிக்கணக்கில் மிதிக்கலாம். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து கிளம்புவதாக இருந்தால் ஒன்றை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். உச்சியை எப்போது தொடுவது என்பதை வைத்துப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. எப்போது இறங்கத் தொடங்குவது என்பதை வைத்தே திட்டமிட வேண்டும். ஏறும்போது உழைப்பே உடலைச் சூடாக வைத்திருக்கும். இறங்கும்போது அந்த உழைப்பு நின்றுவிடுகிறது, வியர்வையில் நனைந்த உடையின் மேல் காற்று மட்டும் விடாமல் மோதுகிறது.

உயரம் கூடக் கூட எவ்வளவு குளிரும் என்பதைக் கணக்கிடுவது எளிது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். வறண்ட காற்றில், நண்பகலில் இது 9 டிகிரிக்கு மேலும் போகலாம். கலிபோர்னியாவின் டெத் வேலியில், கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 1,669 மீட்டர் உயரத்தில் உள்ள டான்டேஸ் வியூ வரை ஏறுபவர், கீழே 18 டிகிரியில் கிளம்பினால் மேலே 7 டிகிரியையோ அதற்கும் குறைவானதையோ எதிர்பார்க்க வேண்டும். அரிசோனாவில் டூசான் நகரை ஒட்டிய மவுன்ட் லெமன் சாலை, ஆளுயரக் கள்ளிகளுக்கு நடுவே தொடங்கிப் பைன் காடுகளில் போய் முடிகிறது; குளிர்காலத்தில் அதன் மேற்பகுதியில் பனிச்சறுக்கு நடக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஐன் நகரின் ஜெபல் ஹஃபீத் மலை இவற்றைவிடத் தாழ்வானது, சாலையும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். இத்தகைய பயணத்தை முதன்முதலாக முயலும் இருவருக்கு அந்த அளவு மலையே போதும் என்பது என் கருத்து.

விடியற்காலையில் கிளம்புவது கோடைக்காலப் பழக்கம். குளிர்காலத்தில் அதை விட்டுவிடலாம். மேகமில்லாத வறண்ட வானத்தின் கீழ் தரை இரவில் வேகமாகக் குளிர்கிறது, கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதனால் சூரியன் உதிக்கும் வேளையில் மலையின் நடுச்சரிவைவிட அடிவாரமே அதிகமாகக் குளிரும். வெயில் ஏறியபின், ஒன்பது மணி வாக்கில் கிளம்பினால், சூடேறிய சரிவுகளில் மேல்நோக்கி எழும் காற்றும் பெரும்பாலும் துணைக்கு வரும். சூரியன் மறைவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு, எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புவது என்று இருவரும் உடன்பட்டுக்கொள்ள வேண்டும். ‘இன்னும் இரண்டு வளைவுதானே’ என்ற பேச்சு அந்த நேரத்தில் எழாமல் இருக்க, வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது வேகம். இருவரின் வலிமையும் ஒன்றாக இருப்பது அரிது, ஏற்றத்தில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிடும். உடலும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ உள்ளவர் 150 வாட் ஆற்றலோடு மிதித்தால், 1,000 மீட்டர் உயரம் ஏற ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 65 கிலோ உள்ளவர் 115 வாட்டிலேயே அதே வேகத்தில் ஏறிவிடுவார். எனவே உடல் பெரிதாக இருப்பவரே முந்துவார் என்று எண்ண வேண்டியதில்லை. யார் முந்தினாலும், வலுவானவர் முன்னே போய் ஒரு வளைவில் காத்து நிற்பது இருவருக்குமே கெடுதல். காத்து நிற்பவரின் வியர்வை குளிரத் தொடங்குகிறது. பின்னால் வருபவரோ வந்து சேர்ந்த மறுகணமே மற்றவர் கிளம்பிவிடுவதால், ஓய்வே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறார். உண்மையில் ஓய்வு தேவைப்படுவது அவருக்குத்தான். ஆகவே மெதுவாக ஏறுபவர் முன்னால் செல்லட்டும், மற்றவர் அவருடைய பின்சக்கரத்துக்கு அருகிலேயே வரட்டும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் மிகக் குறைவு என்பதால், முன்னால் செல்பவர் காற்றைத் தடுத்துக் கொடுப்பதில் அங்கே பெரிய பலன் இல்லை. சமவெளியில் எதிர்காற்று வீசும் இடங்களில் மட்டும் வலுவானவர் முன்னால் போனால் போதும். முன்னால் செல்பவர் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று அவ்வப்போது கவனிப்பதே சரியான அளவுகோல். சொற்கள் துண்டுதுண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

வேறுபாடு பெரிதாக இருந்தால் சுமையை வலுவானவரிடம் மாற்றுங்கள். மெதுவானவரின் வண்டியில் முன்பல்சக்கரமும் பின்பல்சக்கரமும் 34 பற்களுக்கு 34 பற்கள் என்ற அளவிலோ அதைவிட இலகுவாகவோ அமைந்திருக்கட்டும். ஒருவருக்கு மின்சைக்கிள் என்பதும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் குளிரில் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சுமையை மாற்றும்போதும், மாற்று டியூப், பம்ப், விளக்கு, ஓரளவு தண்ணீர் ஆகியவை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத மலையில் இருவரும் பிரிய நேர்ந்தால், எல்லாம் ஒரே பையில் இருப்பது ஆபத்து.

குளிர்காலத்தில் தாகம் தெரிவதில்லை. ஆனால் வறண்ட காற்றில் வியர்வை சட்டென்று உலர்ந்துவிடுவதாலும், மூச்சோடு ஈரம் வெளியேறுவதாலும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு குடியுங்கள். ஒருவர் குடிக்கும்போது மற்றவரையும் நினைவூட்டுங்கள்.

பாலைநிலத்துச் சாலையோரங்களில் நெருஞ்சி முள் நிறைய உண்டு. சாலையை விட்டு ஒதுங்கும்போது வண்டியை உருட்டிச் செல்லாமல் தூக்கிச் செல்வது நல்லது. பஞ்சரானால் புதிய டியூபை அவசரமாக மாட்டிவிடக் கூடாது. டயரின் உட்புறத்தை முதலில் ஒரு மெல்லிய துணியால் சுற்றிலும் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முள்முனையில் துணியின் இழை சிக்கிக்கொள்ளும், அந்த இடத்தில் வெளிப்பக்கமாக முள்ளைப் பிடுங்கலாம். டியூப் இல்லாத டயரும் அதனுள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவமும் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

உச்சியை அடைந்ததும் படம் எடுப்பதற்கு முன் நனைந்த உள்சட்டையை மாற்றிவிட வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மேலே நிற்கும் முதல் ஐந்து நிமிடத்தில் குளிர் தெரிவதே இல்லை என்பதுதான். உலர்ந்த சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத மேற்சட்டை, விரல்கள் முழுவதையும் மூடும் கையுறை, காதை மறைக்கும் மெல்லிய தொப்பி என்று அணிந்து, பொத்தான்களையும் ஜிப்புகளையும் ஒருவருக்கொருவர் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, உடல் உணர்வது உறைநிலைக்கும் சற்றுக் கீழான குளிராக இருக்கும். விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கை அளவாக அழுத்த முடியாது. அப்படித் தோன்றிய உடனே நின்று கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்.

இறக்கத்தில் வரிசை மாற வேண்டியதில்லை. தயக்கம் உள்ளவரே முன்னால் செல்லட்டும், பின்னால் வருபவர் தாராளமாக இடைவெளி விடட்டும். துரத்தப்படும் உணர்வு முன்னால் செல்பவருக்கு வரக் கூடாது. பிரேக்கை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே வராமல், கொண்டை ஊசி வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட வேண்டும். ரிம் பிரேக் உள்ள வண்டிகளில் தொடர்ந்து உராய்ந்தால் சக்கர விளிம்பு சூடாகி டயரே வெடிக்கக்கூடும். இருவர் மிதிக்கும் டேன்டம் வண்டியில் எடை ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் இந்த ஆபத்தும் அதற்கேற்பக் கூடும்.

வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுகளுக்குக் குளிர்காலத்தில் வெயில் எட்டுவதே அரிது. உருகி ஓடிய நீர் அங்கே கண்ணாடித் தகடு போல உறைந்து கிடக்கலாம். மேலே ஏறும்போதே அத்தகைய நிழல் வளைவுகளை இருவரும் குறித்துக்கொண்டால், இறங்கும்போது அங்கே வண்டியைச் சாய்க்காமலும் பிரேக் பிடிக்காமலும் மெல்லக் கடக்கலாம், அல்லது இறங்கி நடக்கலாம். மேற்கு நோக்கிய சாலையில் தாழ்ந்த சூரியன் ஓட்டுநர்களின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

அடிவாரத்தை அடைந்ததும் மேற்சட்டையைக் கழற்றிவிட வேண்டாம். சரிவில் நகரும் காற்று மாலையில் திசைமாறிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கத் தொடங்கும். தாழ்ந்த ஓடைப் படுகைகளைக் கடக்கும்போது குளிர் மறுபடியும் கூடும். வண்டியை விட்டுக் கிளம்பிய இடம் வரை அதே உடையில் மெதுவாக மிதித்துக்கொண்டே செல்லுங்கள்.